தொடக்கப்பள்ளி இணையதளம்: பளிச்சென்று இருக்கணும், சாதாரண போனிலும் ஓடணும்

சுண்ணக்கட்டி:
வணக்கம். டெல்டா பக்கம் ஒரு அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை, தமிழ்வழி. பள்ளிக்கு இணையதளம் வேண்டும் என்று மேலாண்மைக் குழுவில் முடிவாகியிருக்கிறது. "சின்னப் பிள்ளைங்க பள்ளி, கலர்கலரா இருக்கணும்" என்பதுதான் எல்லோர் விருப்பமும். மாதிரிக்கு வந்த வடிவமைப்பில் வானவில் பின்னணி, மிதக்கும் பலூன், ஓடும் எழுத்து, ஆறு வகை எழுத்துரு. கணினியில் பார்க்க நன்றாகவே இருக்கிறது. போனில் திறந்தால் பள்ளியின் தொலைபேசி எண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. நிறம், எழுத்து, படம், பராமரிப்பு, இவற்றில் எதை எவ்வளவு வைக்கலாம்? நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் அமைத்துத் தருவார். அதன்பின் பார்த்துக்கொள்ளப் போவது ஆசிரியர்கள்தான்.

நிறமாலை:
வானவில் பின்னணியை முதலில் எடுத்துவிடுங்கள். ஏழு நிறமும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் கண் எதிலும் நிற்காது. பின்னணி வெள்ளை, அல்லது மிக இளஞ்சந்தன நிறம் (255, 248, 225; இவை வரிசையாகச் சிவப்பு, பச்சை, நீல அளவுகள்). எழுத்து கருநீலம் (0, 0, 128). பட்டைக்கும் பட்டனுக்கும் ஒரே ஒரு துடிப்பான நிறம், மஞ்சளோ ஆரஞ்சோ உங்கள் விருப்பம். இந்த மூன்றை வைத்தே பக்கம் பளிச்சென்று வரும். நாலாவது நிறம் அவசர அறிவிப்புக்கு மட்டும்.

பள்ளித் தளங்களில் அடிக்கடி நடக்கும் தவறு, ஆரஞ்சுப் பட்டைமேல் வெள்ளை எழுத்து. வெப் அணுகல் நெறிமுறைப்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிமாறுபாடு வேண்டும். பெரிய எழுத்துக்கு, அதாவது 24 பிக்சலுக்கு மேல் இருந்தால், 3:1 போதும். ஆரஞ்சு (255, 165, 0) மேல் வெள்ளை வைத்தால் கிடைப்பது 2:1 கூட இல்லை. அதே ஆரஞ்சின்மேல் கருநீலம் வைத்தால் 8:1 வந்துவிடும். வெள்ளைமேல் மஞ்சள் எழுத்து 1.07:1, எழுத்து இருப்பதே தெரியாது. பச்சை (0, 128, 0) மேல் சிவப்பு எழுத்து சுமார் 1.3:1. நிறக்குருடு உள்ளவருக்கு மட்டுமல்ல, வெயிலில் நின்று போன் பார்க்கும் எவருக்கும் அது கலங்கல்தான். வெள்ளைமேல் சுத்தச் சிவப்பு (255, 0, 0) கூட 4:1-தான். கொஞ்சம் கருஞ்சிவப்பாக்கினால் தேறிவிடும்.

மஞ்சளை எழுத்துக்கு எடுக்காமல் எழுத்துக்கு அடியில் விரியுங்கள். மஞ்சள் பட்டை, அதன்மேல் கருநீல எழுத்து: 15:1-க்குப் பக்கத்தில் வரும், குழந்தைகள் பள்ளி என்ற களையும் வரும்.

பொத்தான்:
நிறத்துக்கு முன்னால் இதை யோசியுங்கள்: யார் திறக்கப்போகிறார்கள்? பெற்றோர், பாட்டி, தாத்தா. எதில்? வாட்ஸ்அப்பில் வந்த சுட்டியைத் தட்டி, 360 பிக்சல் அகலத் திரையில். ஆகவே திரையின் முதல் உயரத்துக்குள், கீழே தள்ளாமல், மூன்று விஷயம் தெரிய வேண்டும். பள்ளி எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது, இன்று பள்ளி உண்டா, யாரை அழைப்பது. தொலைபேசி எண்ணை வெறும் எழுத்தாகப் போடாமல் தட்டினால் அழைப்பு போகும் சுட்டியாகப் போடுங்கள். எண்ணைப் படத்துக்குள் வைத்தால் தட்டவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது.

"இன்று பள்ளி உண்டா" என்பது உங்கள் பகுதிக்கு ரொம்ப முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்சியர் விடுமுறை அறிவித்ததும் முதலில் தேடப்படுவது இதுதான். மேலே ஒரு மஞ்சள் பட்டை, அதில் ஒரு வரி, தேதி, எத்தனை மணிக்குப் போட்டது. தேதி இல்லாத "இன்று விடுமுறை" மூன்று நாள் கழித்தும் அப்படியே நின்று, பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்துவிடும். பட்டைக்குக் காலாவதி நேரம் வையுங்கள். மாலை 6 மணி ஆனதும் தானே மறையட்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அறிவிப்பை மாற்றிய பிறகும் சில போன்களில் நேற்றையது தெரியும். உலாவி பழைய நகலைச் சேமித்து வைத்திருப்பதுதான் காரணம். படங்களையும் எழுத்துருவையும் ஓர் ஆண்டுக்குச் சேமிக்கலாம். பக்கத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும்படி உங்கள் நிரலர் அமைக்க வேண்டும். கேஷ் பிளக்இன் (பக்க நகலைச் சேமிக்கும் துணைநிரல்) போட்ட வேர்ட்பிரஸ் தளங்களில் (வேர்ட்பிரஸ் என்பது தளம் அமைக்கும் மென்பொருள்) இந்தச் சிக்கல் அதிகம்.

எழுத்தாணி:
எழுத்துருவுக்கு வருகிறேன். ஆறு வேண்டாம், ஒன்றரை போதும். தலைப்புக்கு மட்டும் ஒன்றை இறக்குங்கள். உடல் எழுத்துக்குப் போனில் ஏற்கெனவே இருப்பதையே பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என் உள்ளன. மூன்றுமே தெளிவானவை, இறக்க ஒரு கிலோபைட்டும் செலவில்லை. தலைப்புக்குப் பலூ தம்பி 2 நல்ல தேர்வு: முனை உருண்ட, தடித்த எழுத்து, சிறுவர் பள்ளிக்கு இயல்பாகப் பொருந்தும். கொஞ்சம் அடக்கமாக வேண்டுமென்றால் கட்டமரான் அல்லது முக்தா மலர். எல்லாமே கூகுள் ஃபாண்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. கோப்பை இறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கென்று கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆங்கிலத்துக்கு வரி உயரம் 1.4 போட்டால் சரியாக இருக்கும். தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் 1.7 வேண்டும். அதைவிடக் குறைத்தால் மேல்வரியின் "கு", "ழு" கால்கள் கீழ்வரியின் "கி", "ணீ" தலையில் இடிக்கும். உடல் எழுத்து 18 பிக்சலுக்குக் கீழே போகாதீர்கள். எழுத்துக்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி கொடுக்கும் அமைப்பைத் தொடவே வேண்டாம். கொம்பும் எழுத்தும் தனித்தனியாகப் பிரிந்து நின்றால், படிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது வேறு எழுத்தாகவே தெரியும். சாய்வெழுத்தும் வேண்டாம். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் சாய்ந்த வடிவத்தோடு வருவதில்லை, உலாவி நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். தடிமன் கோப்பை இறக்காமல் தடித்த எழுத்து கேட்டாலும் இதே கதிதான். உலாவி தானே தடிப்பாக்கும்போது "ஞ", "ஐ" உள்வளையங்கள் மையால் அடைபட்டுவிடும்.

தலைப்பில் நீளச் சொற்களைத் தவிருங்கள். "மாணவர்சேர்க்கைக்கான விண்ணப்பப்படிவம்" என்று 32 பிக்சலில் போட்டால் 360 பிக்சல் திரையில் முதல் சொல்லே வலப்பக்கம் வெளியே போய்விடும், பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். "சேர்க்கை விண்ணப்பம்" போதும். மெனுவுக்கும் அப்படித்தான்: சேர்க்கை, நாள்காட்டி, வகுப்புகள், உணவு, தொடர்பு. ஐந்துக்கு மேல் வேண்டாம். மூன்று கோடு போட்ட குறியோடு பக்கத்தில் "மெனு" என்றும் எழுதிவையுங்கள்.

சுண்ணக்கட்டி:
பழைய சுற்றறிக்கைகள் நிறைய வேர்டு கோப்பாக இருக்கின்றன. அப்படியே நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறதே?

எழுத்தாணி:
அவை பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அப்படித்தான் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு (எல்லாக் கருவியிலும் ஒரே எழுத்தாகத் தெரியும் பொதுக் குறிமுறைக்கு) மாற்றி, பிறகு ஒரு ஆசிரியர் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். மாற்றும்போது "ஸ்ரீ", "க்ஷ" இடங்களிலும் எண்கள், நிறுத்தக்குறிகளிலும் பிழை வரும். தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி அடிப்பவற்றையாவது முதலிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். வருகிற பெற்றோர் முதலில் பார்ப்பது எழுத்துத்தான். பள்ளித் தளத்தில் ஒற்றுப்பிழை இருக்கக் கூடாது.

இன்னொன்று. போட்டோஷாப்பில் பதாகை செய்து "கொ", "பெ" கொம்பு இடம் மாறி வந்தால், எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான, உலக மொழிகளுக்கான கம்போசரை (எழுத்தை அடுக்கும் முறையை) தேர்ந்தெடுத்தால் சரியாகும். ஆனால் முடிந்தவரை எழுத்தைப் படத்துக்குள் வைக்காதீர்கள். பார்வையற்றோருக்குத் திரையை உரக்கப் படித்துக் காட்டும் திரை வாசிப்பான் படத்திலுள்ள எழுத்தைப் படிக்காது, கூகுள் தேடலிலும் கிடைக்காது. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிட மறக்கவேண்டாம். மறந்தால் சில வாசிப்பான்கள் ஆங்கிலக் குரலோடு தமிழைப் படிக்க முயலும், அல்லது வாய்மூடி நிற்கும்.

கரும்பலகை:
பெற்றோருக்கான தளம் என்பதை ஏற்கிறேன். ஆனால் பிள்ளைகளை முழுக்க விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கென்று ஒரே ஒரு பக்கம் இருக்கட்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை வரியைப் படித்துத் தட்டாது. படத்தைப் பார்த்துத் தட்டும், குரலைக் கேட்டுத் தட்டும். ஆகவே அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பட்டனும் ஒரு படம், ஒரு சொல், ஒரு குரல். பட்டன் குறைந்தது 48 பிக்சல் உயரம் என்பார்கள். இந்த வயதுக்கு 72 வையுங்கள், இடையில் 16 பிக்சல் விடுங்கள். இல்லாவிட்டால் கட்டைவிரல் பக்கத்துப் பட்டனில் படும். குரலுக்கு ஆசிரியர் பேசிய 20 நொடிப் பதிவு போதும். எம்பி3, மோனோ, 64 கிலோபிட் என்றால் 160 கிலோபைட்தான் வரும். தட்டினால் மட்டும் இறங்கட்டும், தானாக ஒலிக்கக் கூடாது.

அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான "எண்ணும் எழுத்தும்" வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகிய நிலைகள் உண்டு. அவற்றை ஒட்டிச் செயல்பாடுகளை அடுக்கலாம். எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டும் தளத்தில் வரவே கூடாது.

நிறமாலை சொன்ன மூன்று நிறத்தில் எனக்கு ஒரு மறுப்பு. வகுப்புக்கு ஒரு நிறம் கொடுத்தால் சின்னப் பிள்ளைகள் தங்கள் பக்கத்தைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். அதை இழக்க வேண்டாம்.

நிறமாலை:
கொடுங்கள். வகுப்புப் பக்கத்தின் மேல்பட்டையில் மட்டும், கூடவே பெரிய எண்ணும் இருக்கட்டும். நிறத்தை மட்டும் நம்பினால் சிவப்பு, பச்சை பிரித்தறியாத பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் பதில் நான்காம் வகுப்பில் நிற்கும். எண்ணோடு ஒரு விலங்கோ பூவோ சேர்த்தால் இன்னும் நல்லது.

உண்மையில் இந்தத் தளத்துக்கு வண்ணம் தரப்போவது பிள்ளைகள் வரைந்த படங்கள்தான். இணையத்தில் வாங்கும் கார்ட்டூன் குழந்தைகள் எல்லாப் பள்ளித் தளத்திலும் ஒரே முகத்தோடு இருக்கிறார்கள். உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரைந்த தேர், தென்னை, டிராக்டர் வேறெங்கும் கிடைக்காது. வரையச் சொல்லும்போதே சில விஷயம் கவனியுங்கள். கோடில்லாத வெள்ளைத் தாள். கலர் பென்சில் வேண்டாம், ஸ்கேனில் வெளிறிப்போகும். கிரேயான் அல்லது ஸ்கெட்ச் பேனா. ஓரக்கோடு கறுப்பு ஸ்கெட்சில் இருந்தால் பின்னணியை வெட்டி எடுப்பது சுலபம். ஸ்கேனர் இல்லாவிட்டால் பகல் நிழலில், ஃபிளாஷ் அணைத்து, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் கிரேயான் மெழுகு பளபளத்து நடுவில் வெள்ளைத் திட்டு விழும். வெட்டியபின் 1000 பிக்சல் அகலம் போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு பெரிய ஓவியம், இரண்டு சிறியவை. அதற்கு மேல் ஒட்டினால் மறுபடியும் அந்த வானவில் பின்னணிதான்.

வேலியோரம்:
ஒளிப்படம் பற்றி யாரும் பேசவில்லை. இதில் அவசரம் கூடாது. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள். அவர்களுடைய தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கும் அதில் தடை உண்டு. பள்ளித் தளத்தில் விளம்பர நிரலையும் பின்தொடரும் நிரலையும் போடாமல் இருப்பதே நல்லது.

சேர்க்கைப் படிவத்தில் ஒரே ஒரு "சம்மதம்" கட்டம் போதாது. இணையதளம், வாட்ஸ்அப் குழு, செய்தித்தாள் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள், ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். சம்மதிக்காத பிள்ளைகளின் பட்டியல் படம் எடுப்பவர் கையில் இருக்க வேண்டும். முகமும் முழுப்பெயரும் ஒரே இடத்தில் வேண்டாம். படத்தின் கீழே பெயர் போடாமல், கோப்பின் பெயரில் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் வைத்துவிடுகிறார்கள். கோப்பின் பெயர் எல்லோர் கண்ணிலும் படும். கோப்பின் பெயர் "விளையாட்டு விழா 04" என்ற அளவில் இருக்கட்டும். போன் கேமரா எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படத்துக்குள் எழுதிவைக்கும், ஏற்றுவதற்கு முன் அதை நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பிய படத்தில் அது அப்படியே இருக்கும்.

நல்ல படத்துக்கு முகம் கட்டாயமில்லை. களிமண் பிசையும் கைகள், கரும்பலகை முன் முதுகு காட்டி நிற்கும் வரிசை, காலை உணவுத் தட்டு, மரத்தடியில் குவிந்த செருப்புகள் இவையெல்லாம் பள்ளியைக் காட்டும். தொடர்புப் படிவத்தில் பெயர், எண், செய்தி மட்டும் கேளுங்கள். ஆதார் எண், சாதிச் சான்று எதையும் இணையப் படிவத்தில் வாங்காதீர்கள், நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

பொத்தான்:
படங்களின் எடை: போன் தருவது 4000×3000 பிக்சல், பல மெகாபைட். அப்படியே ஏற்றினால் பத்துப் படத்தில் ஒரு பக்கம் 40 மெகாபைட் தாண்டிவிடும். 1200 பிக்சல் அகலம், வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவம், தரம் 75 வைத்தால் பெரும்பாலும் 150 கிலோபைட்டுக்குள் வரும். முகப்புப் பக்கம் மொத்தமும் 1 மெகாபைட்டுக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் நிரலில் எழுதுங்கள். எழுதாவிட்டால் படம் வந்து விழும்போது எழுத்து கீழே குதிக்கும், "அழைக்க" பட்டனைத் தட்டப்போன விரல் வேறொன்றைத் தட்டும்.

யூடியூப் காணொளியை நேரடியாகப் பதித்தால் ஓட்டும் முன்னரே நிறைய நிரல் இறங்கும். ஒரு நிழற்படம் வைத்து, தட்டினால் காணொளி திறக்கும்படி செய்யுங்கள். பதித்தே ஆகவேண்டுமென்றால் தனியுரிமை கூட்டிய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பலூன், நட்சத்திரம் மிதப்பது பற்றி: தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் அசைவது எதற்கும் நிறுத்தும் வழி இருக்க வேண்டும் என்பது அணுகல் நெறி. நொடிக்கு 3 முறைக்கு மேல் மின்னுவது வலிப்புள்ள குழந்தைக்கு ஆபத்து, அதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஓடும் எழுத்து வேண்டாம். மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிப்பவர் பாதிச் சொல்லில் இருக்கும்போது அது ஓடிவிடும். தட்டும்போது பட்டன் லேசாக அமுங்கி எழுவது, 150 மில்லிநொடி, அந்த அளவு அசைவு அழகு. மவுஸ் மேலே வந்தால்தான் நடக்கும் வித்தைகள் போனில் நடக்கவே நடக்காது.

ஓலைச்சுவடி:
டொமைன் (தளத்தின் இணைய முகவரி) யார் பெயரில் இருக்கப்போகிறது என்று இப்போதே பேசி முடியுங்கள். அமைத்துத் தருபவர் தன் மின்னஞ்சலில் பதிவுசெய்து, அவர் ஊர் மாறியபின் புதுப்பிக்க ஆளில்லாமல் போனால், காலாவதியான பெயரைச் சூதாட்டத் தளம் நடத்துபவர்கள் வாங்கிவிடுவார்கள். பள்ளி நோட்டீஸிலும் சுவரிலும் அச்சான முகவரி அங்கே போய்த் திறக்கும். பள்ளியின் பொது மின்னஞ்சல், தலைமையாசிரியர் எண், குறைந்தது 5 ஆண்டு முன்கட்டணம். ஈடியு.இன் (edu.in) என்று முடியும் பெயர் வேண்டுமென்றால் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான அரசு வலையமைப்பான எர்னெட் மூலம்தான் வாங்க வேண்டும், ஆவணம் கேட்பார்கள். கடவுச்சொல் ஒரு தாளில், தலைமையாசிரியர் பீரோவில்.

ஐந்தாறு பக்கம், வாரம் ஒரு அறிவிப்பு என்ற அளவுக்கு வேர்ட்பிரஸ் கொஞ்சம் பெரிய வண்டிதான். வாராவாரம் பிளக்இன் புதுப்பிக்க ஆள் இல்லாவிட்டால் அதில் ஓட்டை விழும். கூகுள் சைட்ஸ் செலவில்லாமல் ஓடும், ஆனால் கணினியில்தான் வசதியாகத் திருத்த முடியும். ஆசிரியர்கள் போனிலிருந்து அறிவிப்புப் போட வேண்டுமென்றால் வேர்ட்பிரஸே சரி. அப்படியானால் பிளக்இன் நான்கைந்தோடு நிறுத்தி, தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவிடுங்கள். ஆசிரியர்களுக்கு "எடிட்டர்" அனுமதி மட்டும் கொடுங்கள், நிறமும் எழுத்துருவும் அவர்கள் கைக்கு எட்டாமல் பூட்டியிருக்கட்டும். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு தலைப்பைச் சிவப்பாக்குவார், அடுத்தவர் பச்சையாக்குவார், ஆறு மாதத்தில் இப்போது நீங்கள் காட்டும் மாதிரி திரும்ப வந்துவிடும்.

சுண்ணக்கட்டி:
எல்லோருக்கும் நன்றி. பலூன், ஓடும் எழுத்து இரண்டையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். மேலாண்மைக் குழுவிடம் காட்டும் முன் எதையெதைச் சோதிக்க வேண்டும்?

பொத்தான்:
கூகுளின் பேஜ்ஸ்பீடு கருவியில் மொபைல் பிரிவைப் பாருங்கள். முக்கியப் படம் அல்லது எழுத்து 2.5 நொடிக்குள் வர வேண்டும். எழுத்து குதிக்கும் அளவு (கருவியில் CLS என்று வரும்) 0.1-க்குள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது கையிலுள்ள சோதனை: 2 அல்லது 3 ஜிபி ரேம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு ஒன்றை எடுத்து, வைஃபை அணைத்து, நண்பகலில் பள்ளி வாசலில் நின்று திறங்கள். பிறகு அதே போனின் அமைப்பில் எழுத்தளவைக் கடைசிவரை பெரிதாக்குங்கள். வயதானவர்கள் போன் அப்படித்தான் இருக்கும், பெரும்பாலான மெனுக்கள் உடைவதும் அங்கேதான். தளத்தின் சுட்டியை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். முன்னோட்டப் படம் 1200×630 பிக்சலில், 300 கிலோபைட்டுக்குள், பள்ளிப் பெயரோடு வர வேண்டும். மாற்றியும் பழைய படமே வந்தால் சுட்டியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஒரு எண் சேர்த்து அனுப்பிப் பாருங்கள், புதியது வரும்.

கரும்பலகை:
இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றையும் பாட்டி ஒருவரையும் உட்கார வைத்துப் பாருங்கள். பாட்டியிடம் "நாளைக்குப் பள்ளி இருக்கா பாருங்கம்மா" என்று மட்டும் கேளுங்கள், விரலைக் காட்டி வழி சொல்லாதீர்கள். எங்கே தட்டத் தயங்குகிறார்களோ அந்த இடத்தைத் தாளில் குறித்து நிரலரிடம் கொடுங்கள்.